சமையல்காரரைத் திட்டுவதற்கு முன்: நோரோ வைரஸ் வயிற்றுக்குள் என்னதான் செய்கிறது?

கோயில் திருவிழா முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பட்டணத்தில் நாலு வீட்டில் வாந்தி பேதி என்று கேள்விப்பட்டால் போதும், பழி நேராக அன்னதானம் சமைத்தவர் தலையில் விழும். சாம்பார் ஊசிப்போயிருந்தது, மோர் வாளியை மூடி வைக்கவில்லை, தண்ணீர் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "எல்லாம் கண்ணு" என்று மிளகாய் சுற்றிப் போடும் பெரியம்மாவும் இருப்பார். நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், நடுவில் பழைய லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்கள் என்கிற வீடமைப்புப் பகுதிகள், ஒரு தமிழ்ப்பள்ளி, வாரம் ஒரு பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. கல்யாணம், கருமாதி, திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஊரே ஒரு பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் நாள்கள் இங்கே நிறைய. அதனால் இந்தச் சண்டையும் அடிக்கடி வரும்.

இந்தச் சண்டையில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. சாப்பாடு கெட்டுப்போகாமல், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கினதாக, நல்ல வாசனையோடு இருந்திருக்கலாம். ஆனாலும் அதைச் சாப்பிட்டவர்கள் படுத்துவிடலாம். ஏனென்றால் இப்படிக் கூட்டமாக வரும் வாந்தி பேதிக்கு உலகம் முழுவதும் முதல் காரணமாகச் சொல்லப்படுவது நோரோ வைரஸ், அதற்குக் கெட்டுப்போன சாப்பாடு தேவையே இல்லை, ஒரு மனிதனின் கை போதும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 685 மில்லியன் பேருக்கு இது வருவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள், அதில் 200 மில்லியன் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். உயிரிழப்பு ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம், பெரும்பாலும் ஏழை நாடுகளில்.

சரி, ஆள் எப்படி இருப்பான்? மிகச் சிறியவன். குறுக்களவு 27 முதல் 40 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு வரிசையாக நிறுத்தினால் 25,000 வைரஸுக்கு மேல் பிடிக்கும். உள்ளே மரபுச் செய்தியைச் சுமக்கும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ., சுமார் 7,500 எழுத்து நீளம்தான். அதைச் சுற்றி ஒரு புரதக் கூடு, ஒரே புரதத்தின் 180 பிரதிகள் சேர்ந்து கட்டியது. அவ்வளவுதான், வெளியே வேறு உறை எதுவும் கிடையாது. கோவிட் வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு, இவனுக்கு அது இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கை சுத்திகரிப்பான் ஏன் இங்கே பெரிதாக உதவுவதில்லை என்பதற்கும், வயிற்று அமிலம் ஏன் இவனைக் கொல்வதில்லை என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

கண்டுபிடித்த கதையும் சுவாரசியமானது. 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாக வாந்தி எடுத்துப் படுத்தார்கள். பாக்டீரியாவைத் தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. மல மாதிரிகளை மட்டும் பத்திரப்படுத்தி வைத்தார்கள். நாலு வருடம் கழித்து, 1972இல், ஆல்பர்ட் கப்பிகியான் என்பவரின் குழு அந்த மாதிரியின் வழியில் நோயுற்ற தன்னார்வலர் ஒருவரின் மலத்தை எடுத்து, நோயிலிருந்து மீண்டவரின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை அதோடு கலந்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. எதிர்ப்பொருள் ஒட்டியதால் தனித்தனியாகத் திரிந்த வைரஸ்கள் கும்பலாகச் சேர்ந்து கண்ணில் பட்டன. ஆமாம், அந்தக் காலத்தில் இந்த வைரஸைக் குடித்துப் பார்க்கவே ஆள்கள் முன்வந்தார்கள். நமக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்ததால் தெரிந்ததுதான்.

இப்போது உள்ளே போவோம். வாய் வழியாக இறங்கும் வைரஸ் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய்ச் சேர்கிறது. சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் இல்லை, பூத்துவாலையின் நூல்களைப் போலச் சின்னச் சின்ன நீட்டங்கள் அடர்ந்து நிற்கும் இடம், அவற்றுக்குக் குடலுறிஞ்சி என்று பெயர். நாம் சாப்பிடும் சோற்றிலும் குடிக்கும் தண்ணீரிலும் இருக்கும் சத்து ரத்தத்துக்குள் போவது இந்த நீட்டங்களின் வழியாகத்தான். ஒவ்வொரு நீட்டத்தின் மேலும் உள்ள செல்களில் இன்னும் நுணுக்கமான முடிகள் இருக்கின்றன. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் நொதி உள்பட, செரிமானத்தின் கடைசி வேலையைச் செய்யும் நொதிகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

வைரஸ் இந்தச் செல்லுக்குள் நினைத்தவுடன் புகுந்துவிட முடியாது, பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி, நம் ரத்த வகையை ஏ, பி, ஓ என்று பிரிக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சர்க்கரைச் சங்கிலிகள். அவை ரத்தத்தில் மட்டுமல்லாமல் எச்சிலிலும் குடல் சுவரிலும் இருக்கும், ஆனால் எல்லாரிடமும் இருக்காது. எஃப்.யூ.டி.2 என்றொரு மரபணு வேலை செய்தால்தான் குடல் சுவரில் அந்தச் சர்க்கரைகள் உண்டாகும். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வேலை செய்வதில்லை. அப்படிப்பட்டவர்களை நோரோ வைரஸின் பல வகைகள் ஒன்றும் செய்வதில்லை. ஒரே பந்தியில், ஒரே இலையில் சாப்பிட்டும் மாமாவுக்கு ஒன்றும் ஆகாமல் அத்தை மட்டும் படுத்துக்கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மாமாவுக்கு 'இரும்பு வயிறு' என்று அவரே சொல்லிக்கொள்வார், சொல்லிக்கொள்ளட்டும். எல்லா வகைகளிலிருந்தும் இது காப்பாற்றும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

உள்ளே புகுந்த வைரஸ் செல்லின் இயந்திரங்களைக் கைப்பற்றித் தன்னையே பிரதி எடுக்கிறது. குடல் நீட்டங்கள் குட்டையாகி மழுங்குகின்றன, நுண்முடிகள் சுருங்குகின்றன, நொதிகள் குறைகின்றன. தன்னார்வலர்களின் குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது இது. சுவர் புண்ணாகிக் கிழிந்துவிடுவதில்லை, வேலை மட்டும் நின்றுபோகிறது. உறிஞ்ச வேண்டிய சர்க்கரையும் கொழுப்பும் உறிஞ்சப்படாமல் குழாய்க்குள்ளேயே தங்கும். தங்கிய சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அந்தத் தண்ணீர்தான் பேதியாகப் போகிறது. அதனால்தான் நோரோ பேதி பெரும்பாலும் வெறும் தண்ணீராக இருக்கும், ரத்தம் கலந்திருக்காது. ரத்தமோ சீதமோ போனால், கூடவே கடுமையான காய்ச்சலும் இருந்தால், அது வேறு விவகாரம், கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

வாந்திக்குக் காரணம் வேறு. குடல் சுவரில் ஆங்காங்கே ஹார்மோன் சுரக்கும் செல்கள் உண்டு. நோயாளிகளின் குடல் துணுக்குகளில் இந்தச் செல்களுக்குள்ளும் வைரஸ் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். இவற்றில் ஒரு ரகம் செரோட்டோனினைச் சுரக்கும், அது வேகஸ் நரம்பைத் தட்டி எழுப்பும், நரம்பு மூளையின் அடித்தண்டில் இருக்கும் வாந்தி மையத்துக்குச் சேதி அனுப்பும். நோரோ வாந்தியையும் இந்த வழியாகத்தான் தூண்டுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்னொரு பக்கம், இரைப்பை தன் சரக்கைக் கீழே தள்ளுவதும் மெதுவாகிறது. பேதிக்கு முன்பே திடீரென்று, எச்சரிக்கையே இல்லாமல் பீய்ச்சிக்கொண்டு வாந்தி வருவது நோரோவின் குணம். வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும், உடம்பு வலிக்கும், லேசான காய்ச்சல் வரலாம், பிள்ளைகளுக்கு வாந்தி தூக்கலாக இருக்கும், பெரியவர்களுக்குப் பேதி. பெரும்பாலோருக்கு 1 முதல் 3 நாளில் அடங்கிவிடும், மழுங்கிய குடல் நீட்டங்களும் கொஞ்ச நாளில் மறுபடி வளர்ந்துவிடும். இடைப்பட்ட நாள்களில் பால் டீ குடித்தால் வயிறு உப்புகிறது என்று சிலர் சொல்வதற்குக் காரணம், பாலின் சர்க்கரையை உடைக்கும் நொதி இன்னும் திரும்பி வராததுதான்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் எண்ணிக்கைதான். ஒருவரைப் படுக்க வைக்கச் சுமார் 18 வைரஸ் துகள் போதும் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது; பொதுவாக 10 முதல் 100க்குள் என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் பில்லியன் கணக்கில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் மிச்சம், அதுவே ஒரு தாமானுக்குப் போதும். நோய் வந்தவரின் மலத்தில், வாந்தி பேதி நின்ற பிறகும் இரண்டு வாரம், சில நேரம் அதற்கு மேலும் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். அறிகுறியே இல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

வாந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது விழுந்த இடத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1998இல் இங்கிலாந்தில் ஓர் ஓட்டலில் விருந்து நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் சாப்பாட்டு மேசையிலேயே வாந்தி எடுத்தார். பிறகு யார் யாருக்கு நோய் வந்தது என்று கணக்கெடுத்துப் பார்த்தால், அவருடைய மேசையில் இருந்தவர்களுக்கு அதிகம், தள்ளித் தள்ளிப் போகப் போகக் குறைவு. எல்லாரும் சாப்பிட்டது ஒரே சாப்பாடு, நோய் மட்டும் தூரக் கணக்கில் பரவியிருந்தது. வாந்தியின் நுண்துளிகள் காற்றில் எழும்பிப் பக்கத்தில் இருப்பவர் வாய்க்கும் தட்டுக்கும் போகின்றன. இன்னொன்று, 2010இல் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துச் சிறுமிகள் கால்பந்துக் குழு ஒன்றில் நடந்தது. ஒரு சிறுமிக்கு ராத்திரி வாந்தி பேதி. குளியலறையில் தின்பண்டம் வைத்திருந்த ஒரு துணிப்பை இருந்தது. அந்தச் சிறுமி பையைத் தொடக்கூட இல்லை. அடுத்த நாள் அந்தப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்ட மற்றவர்கள் படுத்தார்கள்.

இதை நம் வீடுகளில் வைத்துப் பாருங்கள். லயத்து வீடாகட்டும், அதை விட்டு வந்த குறைந்த விலைத் தாமான் வீடாகட்டும், கக்கூஸும் குளியலறையும் ஒன்று, அதன் கதவைத் திறந்தால் சமையலறை. உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி, மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு ரப்பர் குழாய், ஒரு பைப். வாந்தி எடுத்த பையன் அந்தக் குவளையைப் பிடித்து வாய் கொப்பளிக்கிறான், அதே குவளையைத் தொட்டியில் போடுகிறான், பின்னாலேயே அக்கா அதை எடுத்து முகம் கழுவுகிறாள். பைப்பின் திருகைப் பேதி கழுவிய கை தொடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சுத்தமான கை அதே திருகை மூடுவதற்காக மறுபடி தொடுகிறது. கதவுத் தாழ்ப்பாள், லைட் சுவிட்ச், கைப்பேசி எல்லாம் இதே கதைதான். ஒரு வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் ரெண்டு நாளில் இன்னும் ரெண்டு பேருக்கு வருவது இப்படித்தான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டார்: "நான் அன்னதானத்துக்கே போகல தம்பி, எனக்கு எப்படி வந்துச்சு?" நல்ல கேள்வி. துப்பு துலக்குவதற்கு நேரக் கணக்கு பெரிய உதவி. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் கூட்டமாக வாந்தி என்றால், சாப்பாட்டிலேயே பாக்டீரியா நஞ்சு உண்டாகியிருந்தது என்று சந்தேகப்படலாம். காலையில் ஆக்கிய சோற்றை மத்தியானம் வரை வெளியே சூடாறிக் கிடக்கவிட்ட கதையெல்லாம் பெரும்பாலும் இதில் சேரும். சமையல்காரரைத் திட்ட நியாயம் இருக்கும் இடம் அது. நோரோவுக்கோ 12 முதல் 48 மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் விட்டு, விருந்துக்கே போகாத வீட்டுக்காரர்களும் படுக்க ஆரம்பித்தால், அது கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. நஞ்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, வைரஸ் தொற்றும். 1982இல் கப்லான் என்பவரின் குழு இதே வழியில் ஒரு கணக்கு கொடுத்தது: பாதிப் பேருக்கு மேல் வாந்தி, தொற்றியதிலிருந்து அறிகுறி வரை சராசரி 24 முதல் 48 மணி, நோய் நீடிப்பது 12 முதல் 60 மணி, மலத்தில் பாக்டீரியா இல்லை. இந்த நாலும் சேர்ந்தால் நோரோவைச் சந்தேகி. வைரஸைக் கண்டறியும் ஆய்வகம் இல்லாத ஊருக்கும் உதவும் கணக்கு.

இந்த நேரக் கணக்கு தெரியாததால்தான் நாம் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுகிறோம். சனிக்கிழமை ராத்திரி வாந்தி வந்தால் சனிக்கிழமை மத்தியானம் கடையில் தாப்பாவ் பண்ணிய மீ கோரெங் குற்றவாளியாகிவிடும், வெள்ளிக்கிழமை பந்தலில் பரிமாறிய கையை யாரும் நினைப்பதில்லை. சாப்பாட்டில் இந்த வைரஸ் பெருகாது, மனிதக் குடலுக்கு உள்ளேதான் பெருகும். அதனால் உணவில் வாடை மாறாது, நுரைக்காது, புளிக்காது, முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கொதிக்கிற சாம்பாரில் விழுந்தால் செத்துவிடும். ஆபத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கை படுகிற பண்டங்களில்: வெள்ளரி சம்பல், தயிர்ப் பச்சடி, நறுக்கிய பழம், ஐஸ் போட்ட பந்துங் தண்ணி, கையால் எடுத்து வைக்கும் வடையும் லட்டும். ஐஸில் உறைந்தால் சாகுமா என்றால், சாகாது. 2012இல் ஜெர்மனியில் உறைய வைத்த ஸ்ட்ராபெர்ரி மூலம் ஏறக்குறைய 11,000 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், நோய்வாய்ப்பட்டார்கள்.

மலேசியாவில் உணவு கையாள்பவர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். நல்ல விதி. ஆனால் டைபாய்டு ஊசி நோரோவைத் தடுக்காது. வாந்தி பேதி வந்தவர், அது நின்று குறைந்தது 48 மணி நேரத்துக்கு மற்றவர்களுக்காகச் சமைக்கக் கூடாது, பரிமாறக் கூடாது என்பதுதான் இங்கே காக்கும் விதி. நாள் கூலிக்குச் சமைக்க வருபவருக்கு ரெண்டு நாள் சம்பளம் போகும் என்பதால் அவர் வாயைத் திறக்க மாட்டார், மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கோயில் கமிட்டிக்காரர்கள் "சொல்லுங்க, சம்பளத்தைப் பிடிக்க மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பந்தலில் வைக்கும் எந்தச் சுத்திகரிப்பானைவிடவும் அது பெரிய பாதுகாப்பு. கூட்டமாக நோய் வந்தால் மறைக்கவும் வேண்டாம். உணவு நச்சு 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோய், மருத்துவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்வார், அவர்கள் வந்து விசாரிப்பார்கள்.

சுத்திகரிப்பான் என்று சொன்னேன் அல்லவா. கோவிட் காலத்தில் நமக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது, கோயில் வாசலில் இன்னும் பாட்டில் நிற்கிறது. ஆல்கஹால் கோவிட் வைரஸின் கொழுப்பு உறையைக் குலைத்துவிடும், கதை முடிந்தது. நோரோவுக்குக் கொழுப்பு உறையே இல்லையே, எதைக் குலைப்பது? அதனால் அதன் மேல் ஆல்கஹாலின் வேலை அரைகுறைதான். சோப்பும் இதைக் கொல்வதில்லை, ஆனால் கையிலிருந்து பிடுங்கி எடுத்துவிடும், ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் தேய்ப்பதுதான் முக்கியம்: 20 விநாடி, நகக்கண், விரல் இடுக்கு, கட்டை விரல். கல்யாண மண்டபத்தில் வாளித் தண்ணீரில் விரல் நுனியை நனைத்துத் துண்டில் துடைப்பது கை கழுவியதாகாது.

தரையைக் கழுவக் குளோரின் வேண்டும், அதாவது நம் வீடுகளில் இருக்கும் குளோராக்ஸ். வாசனைத் திரவம் ஊற்றித் துடைத்தால் வீடு மணக்கும், வைரஸ் அப்படியே இருக்கும். பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால் முதலில் மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மாப்பை எடுத்து வந்து நேராக இழுக்க வேண்டாம், அது வாந்தியை வீடு முழுக்கப் பூசிவிடும். பழைய செய்தித்தாளையோ டிஷ்யூவையோ போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக வழித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அழுக்கு இருக்கும்போது மேலே குளோராக்ஸ் ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், அதனால் வழித்து எடுத்த பிறகுதான் குளோராக்ஸ். பாட்டிலில் 5 விழுக்காட்டு அளவு என்று போட்டிருந்தால், வாந்தி விழுந்த இடத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் 100 மில்லி. பைப், தாழ்ப்பாள், சுவிட்ச் துடைக்க 1 லிட்டரில் 20 மில்லி போதும். ஊற்றி உடனே துடைத்துவிடாமல் குறைந்தது 5 நிமிடம் ஊறவிட்டு, பிறகு தண்ணீரால் கழுவுங்கள். சுற்றிலும் ரெண்டு மூணு மீட்டர் வரை துடைப்பது நல்லது, துளி அவ்வளவு தூரம் தெறிக்கும். கலந்ததை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும், வைத்தால் வீரியம் போய்விடும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கெராங் பிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கெராங், ஆய்ஸ்டர் போன்ற சிப்பிகள் தண்ணீரைச் செவுளால் வடிகட்டித்தான் சாப்பிடுகின்றன. கழிவுநீர் கலந்த இடத்தில் வளர்ந்தால் அதில் உள்ள வைரஸ் அவற்றின் உடலில் சேர்ந்துகொண்டே போகும், சுத்தமான தண்ணீரில் போட்டு வைத்தாலும் லேசில் போகாது. பசார் மாலாமில் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, ரத்தம் சொட்டச் சொட்டத் தருவார்களே, அந்தச் சூடு உள்ளே எட்டாது. இந்த வைரஸ் 60 டிகிரியைக்கூடச் சமாளிக்கக் கூடியது. சதையின் நடுப்பகுதி 85 முதல் 90 டிகிரியில் 90 விநாடியாவது இருக்க வேண்டும் என்பது அனைத்துலகப் பரிந்துரை. அந்தச் சூட்டில் கெராங் ரப்பராகிவிடும் என்பது எனக்கும் தெரியும்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராதா? வரும். இந்த வைரஸில் ஏகப்பட்ட வகைகள், ஜி.ஐ.ஐ.4 என்ற வகை பல ஆண்டுகளாக உலகை ஆட்டிவைத்தது, அதுவும் உருவை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வகைக்கு எதிராகக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி இன்னொன்றுக்கு உதவாது, கிடைத்ததும் ரொம்ப நாள் நிற்காது. தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை, சோதனைகள் நடக்கின்றன. தாமதத்துக்கு ஒரு காரணம், மனித நோரோ வைரஸைக் குடல் திசுவில் வளர்க்கும் வழியே 2016இல்தான், ஹூஸ்டனில் மேரி எஸ்டெஸின் குழுவுக்குக் கிடைத்தது. அதுவும் சில வகைகள் பித்தநீர் சேர்த்தால்தான் வளர்ந்தன.

வைத்தியத்துக்கு வருவோம். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் கேட்டு டாக்டரை நச்சரிப்பதில் பிரயோசனம் இல்லை. பேதியை நிறுத்தும் மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். போன தண்ணீரையும் உப்பையும் திருப்பி ஊற்றுவதுதான் வைத்தியம், அதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறது. குடல் நீட்டங்கள் மழுங்கியிருக்கும்போது குடித்த தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு வாசல் குடல் செல்களில் உண்டு, எல்லாச் செல்லும் படுத்துவிடுவதில்லை, மிச்சமிருப்பவற்றில் அந்த வாசல் வேலை செய்துகொண்டே இருக்கும். ரெண்டும் சரியான அளவில் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். நம் ஆள்கள் உடனே 100 பிளஸ் வாங்கி ஓடுவார்கள். பெரியவர்களுக்கு லேசாக இருந்தால் அது சும்மா இருப்பதைவிடத் தேவலாம், ஆனால் அது விளையாடி வியர்த்தவர்களுக்கான பானம், பேதியில் போகும் உப்பை ஈடுகட்டும் அளவு அதில் இல்லை. பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் 1 லிட்டர் ஆறிய வெந்நீரில் சமமாக வழித்த 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டுவிட வேண்டாம், அதுவும் ஆபத்து.

வாந்தி எடுத்தவுடனே டம்ளர் டம்ளராக ஊற்றினால் அப்படியே திரும்பி வரும். 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக, ரெண்டு மூணு நிமிடத்துக்கு ஒன்று என்று கொடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக் கூடாது. பசித்தால் கஞ்சி, ரசம் சாதம் என்று கொடுக்கலாம், பட்டினி போடுவதால் பேதி சீக்கிரம் நிற்காது. அழுதால் கண்ணீர் வரவில்லை, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்துவிட்டது, பிள்ளை எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து விழுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளைகள் அளவுக்கு வயதானவர்களையும் கவனிக்க வேண்டும், இங்கே அதை யாரும் பேசுவதில்லை. பிள்ளைகளெல்லாம் ஈப்போ, கோலாலம்பூர் என்று வேலைக்குப் போய்விட, பாட்டி மட்டும் தாமான் வீட்டில் தனியாக இருப்பார். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, தண்ணீர் குறைந்தாலும் கேட்க மாட்டார்கள். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கிறதே என்று ஓ.ஆர்.எஸ்.ஸை ஒதுக்கிவிடவும் வேண்டாம், அதில் இருக்கும் சர்க்கரை கொஞ்சம்தான், அடிக்கடி அளவு பார்த்துக்கொண்டால் போதும். இனிப்புநீர் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் போக வைக்கும் மாத்திரை இவற்றில் சிலவற்றை, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது எடுத்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் வரலாம். எதை நிறுத்துவது, எத்தனை நாளைக்கு என்று தானாக முடிவு செய்யாமல் கிளினிக்குக்கு அன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள், மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு.